ரவை

உடல் இத்தாலியில் வார்த்தது.
குழல் வேறொரு பட்டறையில், வேறொரு வருடம்,
புரிகள் போகப்போக இறுகும்படி கடைந்தது.
விசையை மட்டும் திராஹோமீரா தானே அராவினாள்,
பல்மருத்துவமனையின் பின்னறையில்
யார் யார் வாய்க்கோ கிரீடம் தேய்க்கும் அதே துளைப்பானால்.
பிடியின் வால்நட் மரம் அவள் உள்ளங்கைக்குப் போதவில்லை.
பொய்ப்பல்லுக்கு ஈறு செய்யும் பிசினைக் குழைத்து
குறையை அடைத்தாள்.
மேலே மரச்சாயம் பூசியும்
ஓர் ஓரத்தில் இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கிறது,
சிரிப்பை அடக்குகிறவன் மாதிரி.

ஆறு அறைகள். ஆறையும் ஒரே அளவுக்குத் துருவியாயிற்று.
நான்காவது மட்டும்
இடப்பக்கம் மேலேதான் போவேன் என்கிறது.
மானி வைத்து அளந்தாள், திட்டிப் பார்த்தாள்,
கடைசியில் அதன் நெற்றியில்
சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்து
காலியாகவே விட்டுவிட்டாள்.
ஐந்து போதும்.

மொராவிய மேட்டில் வேலை நின்றுபோன கல்குவாரி.
அக்டோபர். இருபத்தைந்து மீட்டர்.
முப்பது நிமிடம், பதின்மூன்று குண்டு,
நல்லதாகப் பத்தை எடுத்துக்கொள்வார்கள்.
மூன்று பிழை மன்னிக்கப்படும்.
இவ்வளவு தாராளம் அவள் வேறெங்கும் பார்த்ததில்லை.

குப்பிக்கு இரண்டு முனை.
ஒன்றில் மருந்து, ஒன்றில் ரவை.
முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை, அதன்மேல் ஈய உருண்டை.
நெம்புகோலை அழுத்த
விளிம்பில் ஈயம் மோதிரமாய்ச் சீவிக்கொண்டு விழும்.
வாயில் கொழுப்பு. முதுகில் செப்புத் தொப்பி.

ரவை என்றால் ரவைதான்,
முக்குக்கடையில் வாங்கிய அரைக்கிலோ பொட்டலம்.
மருந்து கொஞ்சம், அறை ஆழம்,
நடுவில் இடம் நிரப்ப அது.
குண்டுக்கும் உப்புமாவுக்கும் ஒரே பெயர் வைத்த ஒரு மொழி
உலகத்தில் இருப்பது
அவளுக்குத் தெரியாது.

காற்றில்லாத நாள்.
சுட்டதெல்லாம் கண்முன்னாலேயே நிற்கிறது.
பக்கத்துத் தடத்தில் க்வீதோ, ரயில் ஓட்டி ஓய்ந்தவன்,
இருமிக்கொண்டே பத்து பத்தாய்ப் போடுகிறான்.
பன்னிரண்டு முடிந்தது அவளுக்கு.
ஒன்பது தேறும்.
மன்னிப்பு மூன்றும் தீர்ந்தது.

பதின்மூன்றாவது.
சுத்தியல் விழுந்தது.
பல்லிடுக்கில் சீரகம் கடித்த சத்தம்,
அவ்வளவுதான்.
புகை இல்லை.
அன்றைக்கு முதல்முறையாக
இலக்கு பளிச்சென்று தெரிந்தது.

குழலைத் திருப்பாமல் அப்படியே நின்றாள்,
முப்பது வரை எண்ணி.
மேசைமேல் ஒரு குப்பி:
கறுப்பு முனை இன்னும் மூடியோடு.

நடுவர் ஷிண்டெலார்ஷ் வந்து பார்த்துவிட்டு
“நாலு நிமிஷம்” என்றார், பரிதாபமும் இல்லாமல், அவசரமும் இல்லாமல்.

முதுகுத் திருகைக் கழற்றி
பல் சுரண்டும் கொக்கியை உள்ளே விட்டு
ரவையை இழுத்தாள், கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
வாய் திறக்க மறுக்கும் நோயாளியை
பிடரி வழியாகப் பார்ப்பதுபோல.
அதே ஓட்டையில் மருந்தைச் சிட்டிகை சிட்டிகையாய் ஊட்டி
திருகை மூடி
உருண்டையை மறுபடி அழுத்தி
தொப்பி வைத்து

சுட்டாள்.
இப்போது இருந்தது புகை. வேறெதுவும் தெரியவில்லை.

அட்டை வந்தது. ஏழு, நேர் கீழே,
களைத்து உட்கார்ந்த இடத்தில் ஒரு துளை.
மொத்தம் தொண்ணூற்றொன்று. நான்காமிடம்.
“உன் நாலாவது அறை பழி வாங்கிடுச்சு” என்றான் க்வீதோ.
அவள் சிரிக்கவில்லை. காரில் ஏறிய பிறகு சிரித்தாள்.

ராத்திரி இரண்டு அடுப்பும் எரிகின்றன.
ஒன்றில் துப்பாக்கிக்கு வெந்நீர்.
இன்னொன்றில் பால்; பொட்டலத்தில் மிஞ்சிய ரவையைத் தூவி
மகன் கட்டி தட்டாமல் கிளறுகிறான்,
கோகோவும் வெண்ணெயும் எடுத்து வைத்திருக்கிறான்.
சமையலறையில் அழுகிய முட்டை நாற்றம்.
அவன் ஒன்றும் சொல்வதில்லை, பழகிவிட்டது.

அவள் தொட்டியில் குனிந்து
அறை அறையாய்த் துணி விட்டு எடுக்கிறாள்.
சுடாத நான்காவதிலும் விடுகிறாள்.
துணி
கறுப்பாய்த்தான் வருகிறது.